பரண்ல கிடக்கிற பழைய ஸ்டூல்... பெயின்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

உங்க வீட்டுப் பரண்லயோ, மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியிலயோ ஒரு பழைய மர ஸ்டூல் கண்டிப்பா இருக்கும். ஒரு கால் லேசா ஆடும். மேல நாலஞ்சு சுண்ணாம்புச் சொட்டு, ஓரத்துல சூடான பாத்திரம் வெச்ச கறுப்பு வட்டம், எப்பவோ யாரோ அடிச்ச நீலக் கலர் எனாமல். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது மட்டும் கீழே இறங்கும். வேலை முடிஞ்சதும் மறுபடி மேலே ஏறிடும். என்னைக்காவது ஒருநாள் பழைய பேப்பர்க்காரர் வண்டியில அதுவும் போயிடும். இரும்புக்கும் பித்தளைக்கும் அங்கே எடை போட்டு விலை உண்டு. மரம்னா, 'சும்மா குடுத்தா எடுத்துட்டுப் போறேன்' கதைதான்.

அதே ஸ்டூலை இன்ஸ்டால 'மேக்ஓவர்'னு தேடிப் பாருங்க. 30 செகண்ட் ரீல்ஸ்ல பளிச்னு வெள்ளை பெயின்ட், காலோட நுனியில தங்கக் கலர், மேலே ஒரு மணி பிளான்ட். முடிஞ்சது! பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா, அந்த 30 செகண்ட்ல காட்டாத வேலைதான் நிஜமான வேலை. ஏன்னா ஸ்டூல்ங்கிறது போட்டோ ஃபிரேம் கிடையாது. நீங்க 'டெக்கர் பீஸ்'னு ஹால் மூலையில வெச்சாலும், ஃபேன் துடைக்கணும்னா வீட்டுல யாராவது அதுமேலதான் ஏறுவாங்க. ஆடுற கால் மேல பெயின்ட் அடிச்சா, ஆட்டம் கண்ணுக்கு மறையும், ஆனா நிக்காது. அழகா இருக்கிற ஸ்டூலை எல்லாரும் நம்பி வேற ஏறுவாங்க. பழைய அசிங்கமான ஸ்டூலைவிட அது டேஞ்சர்.

அதனால இங்கே பாதிக்கு மேல பெயின்ட் பத்திப் பேசப் போறதில்லை. ஆட்டம், பூச்சி, பழைய பெயின்ட்ல ஒளிஞ்சிருக்கிற விஷம்... இதெல்லாம் முடிச்சுட்டு அழகுக்கு வரலாம்.

'அப்சைக்கிளிங்'ங்கிற வார்த்தை ஏதோ இன்ஸ்டாகிராம் காலத்துல வந்ததுன்னு நினைச்சா, இல்லை. 1994-லயே ரைனர் பில்ஸ்ங்கிற ஜெர்மன் இன்ஜினீயர் ஒரு பேட்டியில இதைச் சொல்லியிருக்கார். இடிக்கிற கட்டடங்கள்ல இருந்து வர்ற நல்ல செங்கலையெல்லாம் நொறுக்கி ரீசைக்கிள் பண்றோம்னு சொல்றாங்களே, அது பொருளோட மதிப்பைக் கீழே இறக்குற வேலை, நமக்குத் தேவை மதிப்பை மேலே ஏத்துற வேலைங்கிறது அவரோட வாதம். ஸ்டூலுக்கும் அதே கணக்குதான். அடுப்புல வெச்சா விறகு. கட்டில் பக்கத்துல வெச்சா டேபிள்.

முதல்ல தலைகீழா கவுத்துங்க

ஸ்டூலோட ஜாதகம் மேலே இல்லை, அடியிலதான் இருக்கு. பெரும்பாலும் அடிப்பலகைக்கு யாரும் பெயின்ட் அடிச்சிருக்க மாட்டாங்க. அதனால என்ன மரம்னு அங்கேதான் தெரியும். ஒரு பிளேடை வெச்சு ஓரமா லேசா சுரண்டுங்க. தங்கப் பழுப்பு நிறம், தொட்டா லேசா எண்ணெய்ப் பசை, தோல் பை மாதிரி ஒரு வாசனை வந்தா பெரும்பாலும் தேக்கு. தூக்கும்போதே 'என்னடா இது இவ்வளவு கனம்'னு தோணி, கறுஞ்சிவப்பா இருந்தா ஈட்டியா இருக்க வாய்ப்பு உண்டு. சுரண்டின இடம் மஞ்சளா தெரிஞ்சா பலா. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போற அதே மரம்தான். வெளிறின கிரீம் நிறம்னா ரப்பர் மரமோ மாமரமோ இருக்கலாம். அதுவும் மோசமில்லை, ஆனா பூச்சிக்குப் பிடிச்ச மரம். ஓரத்துல சாண்ட்விச் மாதிரி அடுக்கடுக்கா தெரிஞ்சா பிளைவுட்.

மரத்தூளை அமுக்கி ஒட்டின பார்ட்டிகிள் போர்டா இருந்தா மட்டும் ரொம்ப மெனக்கெடாதீங்க. ஒருதடவை தண்ணி குடிச்சு ஊதிட்டா அதைச் சரிபண்ண வழியே இல்லை. கழட்டின ஸ்குரூவை அதே ஓட்டையில மறுபடி போட்டாலும் பிடிக்காது. இப்போ ஆன்லைன்ல குறைஞ்ச விலைக்கு வர்ற குட்டி டேபிள்கள்ல நிறைய இந்த ரகம்தான். அதாவது, பரண்ல கிடக்கிற தாத்தா காலத்து ஸ்டூல், நீங்க கார்ட்ல போட்டு வெச்சிருக்கிற புது டேபிளைவிட நல்ல மரமா இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. தேக்குன்னு தெரிஞ்ச பிறகும் அதுமேல வெள்ளை பெயின்ட் அடிக்கிறவங்களை என்ன சொல்றது... சரி, அவங்க ஸ்டூல், அவங்க இஷ்டம்!

அடிப்பலகையில இன்னொண்ணும் பாருங்க. கல்யாணம், காதுகுத்துன்னு இரவல் போன சாமான் மாறிடக் கூடாதுன்னு அண்டாவுலயும் குண்டாவுலயும் பேர் வெட்டுற பழக்கம் நமக்கு உண்டு இல்லையா? அதே மாதிரி மரச் சாமான்கள்லயும் இனிஷியலைப் பெயின்ட்ல எழுதி வெச்சிருப்பாங்க. பார்த்தா முதல்ல போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. அந்த இடத்துல மட்டும் உப்புத்தாள் படாம விட்டுடுங்க.

இந்தத் தழும்பையெல்லாம் காப்பாத்துறது வெறும் சென்டிமென்ட் இல்லை. ஃபின்லாந்து ஆர்கிடெக்ட் ஆல்வார் ஆல்டோ 1933-ல் வடிவமைச்ச 'ஸ்டூல் 60' இன்னைக்கும் உலகம் முழுக்க விற்குது. அதுக்கும் மூணே கால்தான், நம்ம முக்காலி மாதிரி. அதைத் தயாரிக்கிற ஆர்டெக் நிறுவனம், பள்ளிக்கூடங்கள்லயும் பழைய பொருள் சந்தைகள்லயும் இருந்து யூஸ் பண்ணின ஸ்டூல்களைத் திரும்ப வாங்கி, 'செகண்ட் சைக்கிள்'ங்கிற பேர்ல விற்குது. பெயின்ட் கறை, கீறல், தேஞ்ச ஓரம் எல்லாத்தையும் அப்படியே வெச்சுத்தான்!

ஆட்டம் மூணு வகை

'ஸ்டூல் ஆடுது'ன்னு சொல்றோமே, அதுல மூணு தனித்தனி வியாதி இருக்கு. மருந்தும் வேற வேற.

ஒண்ணு, தப்பு ஸ்டூல் மேலயே இருக்காது, தரை மேல இருக்கும். மூணு காலுக்கு இந்தப் பிரச்னை வராது. எவ்வளவு கரடுமுரடான தரையிலயும் மூணு முனையும் ஒரே நேரத்துல தரையைத் தொட்டுடும். நாலாவது கால் வரும்போதுதான் வம்பே ஆரம்பிக்குது. மண் தரையும் செங்கல் தரையும் இருந்த காலத்துல மூணு கால் வெச்சவங்க விவரமானவங்க. இப்போ நாலு கால் இருந்தாலும் நாம முக்காலின்னே கூப்பிடுறோம்ங்கிறது தனிக்கதை. ஸ்டூலைத் தூக்கி கிச்சன் கிரானைட் மேடை மேல வெச்சுப் பாருங்க (அம்மா பார்க்காதப்போ). அங்கே ஆடலைன்னா, ஸ்டூலுக்கு ஒண்ணும் இல்லை.

ரெண்டாவது, ஒரு கால் குட்டை. இதுக்கு எல்லாரும் பண்றது, நீளமான காலைக் கொஞ்சம் அறுக்குறது. அறுத்ததும் அது குட்டையாகிடும். உடனே அடுத்த கால், அப்புறம் அதுக்கடுத்தது... கடைசியில ஸ்டூல் மணைப்பலகை ஆகிடும்! தச்சர்கள் இப்படிப் பண்ண மாட்டாங்க. சமமான மேடையில ஸ்டூலை வெச்சு, குட்டைக் காலுக்கு அடியில விசிட்டிங் கார்டையோ நாணயத்தையோ அடுக்கி ஆட்டத்தை நிறுத்துவாங்க. அப்புறம் ஒரு சின்ன மரக்கட்டை மேல பென்சிலைப் படுக்க வெச்சு, மேடையை ஒட்டியே நகர்த்தி நாலு காலைச் சுத்தியும் கோடு போடுவாங்க. கோடு எல்லாக் கால்லயும் ஒரே உயரத்துல விழும். அந்தக் கோட்டுல அறுத்தா ஒரே தடவையில முடிஞ்சது. வித்தியாசம் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான்னா ரம்பமே வேண்டாம், குட்டைக் காலுக்கு அடியில ஒரு துண்டு ரப்பரோ மரச் சில்லோ ஒட்டினா போதும்.

மூணாவதுதான் ஆபத்தானது. ஜாயின்ட் விட்டுப்போறது. பலகையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால காலை அசைச்சுப் பாருங்க. பலகையோட சேர்ற இடத்துலயோ, குறுக்குச் சட்டம் சேர்ற இடத்துலயோ லேசா திறந்து மூடுதா? அப்போ ஒட்டு செத்துப்போச்சுன்னு அர்த்தம். இந்த நிலைமையில நிறைய பேர் எடுக்கிற ஆயுதம், ஆணி. தயவுசெஞ்சு வேண்டாம். பழைய காஞ்ச மரத்துல ஆணி அடிச்சா ரேகையோட பிளக்கும். பிளக்கலைன்னாலும், ஆட்டம் உள்ளே தொடர்ந்துட்டே இருக்கும். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் ஆணி தன்னோட ஓட்டையைத் தானே பெருசாக்கிக்கும். ரெண்டு மாசத்துல இன்னும் மோசமா ஆடும்.

பண்ண வேண்டியது, பிரிச்சு ஒட்டுறது. ஒரு சட்டத்தோட முனையை நாக்கு மாதிரி செதுக்கி, காலில இருக்கிற துளைக்குள்ள சொருகியிருப்பாங்க. எது எங்கே வரும்னு பென்சிலால நம்பர் போட்டுக்கிட்டு (பிரிச்ச பிறகு நாலு காலும் ஒரே மாதிரிதான் தெரியும்!), துணி சுத்தின கட்டையால மெதுவா தட்டிப் பிரிங்க. கொட்டாப்புளி இருந்தா இன்னும் நல்லது. இரும்புச் சுத்தியல் மரத்துல பள்ளம் போடும். வராத ஜாயின்ட்டை வம்புக்கு இழுக்காதீங்க. அது இன்னும் நல்லா இருக்குன்னுதான் அர்த்தம்.

உள்ளே பழைய பசை கண்ணாடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். இதைச் சுத்தமா சுரண்டி எடுக்கணும், ஏன்னா பழைய பசை மேல புதுப் பசை பிடிக்காது. ரொம்பப் பழைய ஸ்டூலா இருந்தா அது வஜ்ஜிரமா இருக்கும். வஞ்சிரம் மீன் இல்லைங்க, மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. அந்தக் காலத்துல தச்சர்கள் இதைச் சூடுபண்ணி உருக்கித்தான் ஒட்டுவாங்க. 1959-ல் ஃபெவிக்கால் வந்தப்போ தச்சர்கள்கிட்ட அது செல்லுபடியானதுக்குக் காரணமே, இந்தக் காய்ச்சுற வேலை இல்லைங்கிறதுதான். வஜ்ஜிரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சுடுதண்ணியில நனைச்ச துணியைக் கொஞ்ச நேரம் சுத்தி வெச்சா இளகி வந்துடும்.

சுத்தம் பண்ணி, ஈரம் காஞ்சதும், நாக்கு துளைக்குள்ள தொளதொளன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா, மெல்லிசான மர இழைப்புச் சுருளைப் பசையில தோய்ச்சு நாக்கைச் சுத்தி ஒட்டி, காஞ்ச பிறகு துளைக்குப் பொருந்துற அளவுக்குத் தேய்ச்சுக்கோங்க. அப்புறம் மரத்துக்கான ஃபெவிக்கால் மாதிரி பசையை ரெண்டு பக்கமும் தடவிச் சொருகணும். இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் இல்லையா? கொடிக்கயிறு போதும். நாலு காலையும் சேர்த்துக் கயிறை ரெண்டு சுத்து சுத்திக் கட்டி, நடுவுல ஒரு குச்சியைச் சொருகி முறுக்குங்க. முறுக்க முறுக்க இறுகும். குச்சி திரும்பாதபடி சட்டத்துல முட்டுக்கொடுத்து, வழியுற பசையை ஈரத்துணியால துடைச்சுட்டு, 24 மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீங்க. ஸ்குரூ ஓட்டை பெருசாகி இருந்தா, பசையில முக்கின டூத்பிக் ரெண்டு மூணை உள்ளே திணிச்சு, காஞ்சதும் ஒடிச்சு விட்டு ஸ்குரூ போடுங்க, பிடிச்சுக்கும்.

காலே விரிசல் விட்டிருந்தா? அது தச்சர் வேலை. குடுத்துடுங்க.

மாவு கொட்டுதா?

ஸ்டூலுக்கு அடியில ரவா மாதிரி, மைதா மாதிரி ஏதாவது கொட்டியிருக்கா? மரத்துல குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கா? உளுத்துப்போறதுன்னு சொல்றது இதைத்தான். ஓட்டைகள் பூச்சி உள்ளே போன வழி இல்லை, வெளியே வந்த வழி. புழுவா உள்ளே இருந்து மரத்தைத் தின்னுட்டு, வண்டா மாறி ஓட்டை போட்டு வெளியே பறந்திருக்கும். இப்போ கேள்வி, இன்னும் உள்ளே ஆள் இருக்கா, இல்லையா?

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. ஸ்டூலை நல்லாத் தட்டிச் சுத்தம் பண்ணிட்டு, ஒரு கறுப்பு சார்ட் பேப்பர் மேல ரெண்டு வாரம் வெச்சுப் பாருங்க. மத்த மரச் சாமான்கள் பக்கத்துல வேண்டாம். புதுசா மாவு கொட்டினா, உள்ளே குடித்தனம் நடக்குது. இந்த நிலைமையில பெயின்ட் அடிச்சா உள்ளே இருக்கிற புழு சாகாது. நிம்மதியா தின்னுட்டு, உங்க புது பெயின்ட்லயே ஓட்டை போட்டு வெளியே வரும். ஹார்டுவேர் கடையில மரத்துக்கான பூச்சித் தடுப்பு திரவம் கிடைக்கும். கையுறை போட்டுக்கிட்டு, சிரிஞ்சால ஒவ்வொரு ஓட்டையிலயும் செலுத்துங்க. பெயின்ட் இல்லாத இடத்துல பிரஷ்ஷால தடவி, ஸ்டூலை பாலித்தீன் கவர்ல சுத்தி சில நாள் மூடி வைங்க. ஒருதடவையில போகலைன்னா மறுபடியும் பண்ண வேண்டியிருக்கும்.

ஒரு ஆணியை எடுத்து கால்ல அழுத்தும்போது கேக்ல இறங்குற மாதிரி இறங்குதுன்னா, அந்த ஸ்டூலுக்கு விடை கொடுத்துடலாம்.

பழைய பெயின்ட்டைத் தேய்க்கிறவங்க கவனத்துக்கு

இந்தப் பகுதியைத் தயவுசெஞ்சு ஸ்க்ரோல் பண்ணித் தாண்டாதீங்க. குறிப்பா வீட்டுல குழந்தையோ, கர்ப்பிணியோ இருந்தா.

பழைய எனாமல் பெயின்ட்டுகள்ல ஈயம் கலந்திருக்கும். நிறம் பளிச்னு இருக்கவும், சீக்கிரம் காயவும் சேர்த்தாங்க. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள்ல இது அதிகமா இருக்க வாய்ப்பு. வீட்டுக்கு அடிக்கிற பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியாவுல சட்டமா வந்து அமலுக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ம் தேதிதான். பரண்ல இருக்கிற ஸ்டூலோட பெயின்ட் அதுக்கு ரொம்ப முன்னாடி அடிச்சது. குழந்தைங்களோட மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். ரத்தத்துல இவ்வளவு இருந்தா பரவாயில்லைன்னு சொல்ற மாதிரி ஓர் அளவே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

ஸ்டூல் சும்மா இருக்கிற வரைக்கும் பெரிய ஆபத்து இல்லை. அதை நீங்க காய்ஞ்ச உப்புத்தாளால கரகரன்னு தேய்க்கும்போதுதான் பிரச்னை. கண்ணுக்குத் தெரியாத தூசி தரையில படியும், தவழுற குழந்தையோட கை வழியா வாய்க்குப் போகும். சாண்டர் மெஷின் இன்னும் மோசம். ஹீட் கன்னால சூடாக்கினா புகையாவே நுரையீரலுக்குள்ள போகும்.

அப்போ என்ன பண்றது? பெயின்ட் உரியாம கெட்டியா இருந்தா, மொத்தத்தையும் எடுக்கணும்னு அவசியமே இல்லை. தண்ணியில போடுற உப்புத்தாளை வாங்கி, நனைச்சு நனைச்சு மேலோட்டமா மட்டும் தேய்ச்சு, மேலே பிரைமர் அடிச்சுடலாம். ஈரமா தேய்ச்சா தூசி பறக்காது. மொட்டை மாடியில, கீழே பாலித்தீன் ஷீட் விரிச்சு, என்-95 மாஸ்க் போட்டுப் பண்ணுங்க. முடிச்சதும் பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைங்க. அந்த டிரெஸ்ஸைத் தனியா துவைங்க. பெயின்ட் செதில் செதிலா உரியுது, வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருக்குன்னா... அந்த ஸ்டூலை இப்போதைக்குப் பரண்லயே விட்டுடலாம்னுதான் நான் சொல்லுவேன்.

சரி, இப்போ அழகுக்கு வருவோம்!

மரம் நல்ல மரம், மேலே பெயின்ட்டே இல்லைன்னா, உங்களுக்கு லாட்டரி. கிச்சன்ல இருந்த ஸ்டூல்னா முதல்ல பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்க. பிசுக்கு மேல பாலிஷும் நிக்காது, பெயின்ட்டும் நிக்காது. நிழல்ல காய வைங்க. சித்திரை வெயில்ல போட்டா வெடிக்கும். அப்புறம் 80, 120, 220-ன்னு உப்புத்தாளை வரிசையா மாத்தித் தேய்க்கணும். எப்பவும் மரத்தோட ரேகை போற திசையிலயே. குறுக்கே தேய்ச்ச கீறல் அப்போ தெரியாது, பாலிஷ் ஏறினதும் பல்லை இளிக்கும். சின்ன ஓட்டைகளுக்கு மரத்தூளை ஃபெவிக்காலோட குழைச்சு அடைப்பாங்க. பெயின்ட்டுக்கு ஓகே. பாலிஷ்னா அந்த இடம் நிறம் பிடிக்காம திட்டா தெரியும், அதனால கடையில மர நிறத்துக்கே கிடைக்கிற பட்டி வாங்குங்க.

பழைய ஸ்டூல்ல ஏற்கெனவே ஒரு பாலிஷ் இருந்தா, அடியில ஓரமா ஒரு சொட்டு ஹேண்ட் சானிட்டைஸர் விட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு ஆனா, அது அரக்கு பாலிஷ். ஒரு பூச்சி மரக்கிளையில சுரக்கிற அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுப் பஞ்சுத் துணியால ஏத்துறது. அந்தப் பளபளப்புக்கு ஈடே கிடையாது. ஆனா சூடான காபி டம்ளரை நேரா வெச்சா வெள்ளை வட்டம் விழும். காபி டேபிளா மாத்தப்போறீங்கன்னா பாலியூரித்தேன், அதாவது கடையில பி.யூ-ன்னு கேட்டா தர்ற வகைதான் தாங்கும். எதுவா இருந்தாலும் அடைமழை நாள்ல பாலிஷ் வேலை வெச்சுக்காதீங்க. காத்துல இருக்கிற ஈரம் பட்டுப் பனி படர்ந்த மாதிரி வெளுத்துப்போகும்.

ஆளிவிதை எண்ணெய் ஃபினிஷ் இப்போ டிரெண்ட். பூசுறது ஈஸி, கெமிக்கல் வாசனை இல்லை. ஆனா அந்த எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில போட்டுடாதீங்க. எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டின துணிக்குள்ள அந்தச் சூடு வெளியேற முடியாம, தீக்குச்சியே இல்லாம பத்திக்கும். விளையாட்டுக்குச் சொல்லலை. துணியைக் கம்பி மேல விரிச்சுக் காயவிடுங்க, இல்லைன்னா தண்ணியில முக்கி வைங்க.

மேல்பலகை மட்டும் உடைஞ்சு, சட்டம் கெட்டியா இருக்கிற ஸ்டூல்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ரகம். பலகையைக் கழட்டிடுங்க. நம்ம ஊர் ஒயர் கூடை பின்னுற பிளாஸ்டிக் ஒயர் இருக்கே, அதை ஒரு திசையில நெருக்கமா இழுத்துச் சுத்தி, குறுக்கே மேலே-கீழேன்னு பின்னினா ரெண்டு நாள்ல புது சீட் ரெடி. வீட்டுல பெரியம்மாவோ அத்தையோ 'சிவன் கண்' கூடை போடுறவங்களா இருந்தா, அவங்களைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க, உங்க யூடியூப் டுடோரியலைவிட வேகமா சொல்லித்தருவாங்க. கண்ணைப் பறிக்கிற ரெண்டு கலர் ஒயர், இருண்ட தேக்குக் கால்... கடையில இதுக்கு என்ன விலை சொல்லுவாங்கன்னு நினைச்சுப் பாருங்க. ஒரே நிபந்தனை. இழுத்துப் பின்னின ஒயர் நாலு சட்டத்தையும் உள்பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். அதனால ஜாயின்ட் ஒட்டி முடிச்ச பிறகுதான் பின்னணும்.

செட்டிநாட்டுப் பக்கம் போனா ஒரே ஒரு ஆத்தங்குடி டைல் வாங்கிட்டு வாங்க. கண்ணாடி மேல சிமென்ட் கலரை ஊத்திக் கையால செய்யுறது, ஒவ்வொண்ணும் தனி அழகு. பலகையைச் சுத்தி மெல்லிசான ரீப்பர் அடிச்சுத் தட்டு மாதிரி ஓரம் கட்டி, நடுவுல டைலை உட்கார வெச்சா, சூடான டம்ளரும் செடித் தொட்டியும் பயமில்லாம வைக்கலாம். டைலைச் சிமென்ட் பூசி ஒட்டாதீங்க. மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும், சிமென்ட் அதுக்கு வளைஞ்சு கொடுக்காது. கொஞ்சம் இடைவெளி விட்டுச் சும்மா பொருத்தினா போதும். கனமான டைல், அதுவே நகராது. காரைக்குடி வரைக்கும் போனவங்க முனீஸ்வரன் கோயில் தெருவுல இருக்கிற பழைய பொருள் கடைகளையும் ஒரு நடை பார்த்துடுங்க. வாங்காட்டியும் பரவாயில்லை. கால் வெச்சு வெச்சுக் குறுக்குச் சட்டம் ஒரு பக்கமா தேஞ்சிருக்கிறதைப் பார்த்தா, நிஜப் பழசு எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகிடும்.

கட்டில் பக்கத்து டேபிளா ஆக்குறதுதான் எல்லாத்துலயும் சுலபம். மெத்தையோட உயரத்துக்குக் கிட்டத்தட்ட சமமா இருக்கான்னு மட்டும் பாருங்க. ரெண்டு ஸ்டூல் ஒரே உயரத்துல கிடைச்சா, மேலே ஒரு பலகையைப் போட்டு ஷூ பெஞ்சோ புக் ஸ்டாண்டோ பண்ணலாம். நடுவுல மூணு அடிக்கு மேல இடைவெளி விட்டா, புத்தக கனத்துக்குப் பலகை தொய்யும். வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது வரம். சுவத்துல ஒரு ஆணி அடிக்கவும் ஹவுஸ் ஓனர்கிட்ட பர்மிஷன் கேட்க வேண்டியதில்லை. நவராத்திரிக்கு வேற வேற உயரத்து ஸ்டூல்களையே கொலுப்படியா அடுக்கிடலாம், மத்த 11 மாசம் தனித்தனி வேலை பார்க்கும்.

ஸ்டூலை ஸ்டூலாவே பார்க்கணும்னும் இல்லை. மார்டினோ காம்பர்னு ஒரு டிசைனர், லண்டன் தெருக்கள்ல தூக்கிப் போட்ட நாற்காலிகளைச் சேகரிச்சு, இதோட காலை அதோட முதுகுல பொருத்தி, 100 நாள்ல 100 நாற்காலி செஞ்சு 2007-ல் கண்காட்சியே வெச்சார். உங்க வீட்டுல காலுடைஞ்ச ஸ்டூலும் மேல்பலகை போன தையல் மெஷின் ஸ்டூலும் ரெண்டும் இருந்தா, ஒண்ணைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒருதடவை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

கடைசியா, எல்லாரும் மறக்குற இடம் ஒண்ணு இருக்கு. காலோட அடிப்பாகம். மரத்தைக் குறுக்கே வெட்டின அந்த முகம், ஸ்ட்ரா மாதிரி தண்ணியை உறிஞ்சும். தினமும் வீடு துடைக்கும்போது நாலு காலும் ஈரத்துலதான் நிக்குது. மேலே எவ்வளவு அழகா பெயின்ட் அடிச்சாலும், கீழே இருந்து மேலே உரிஞ்சுக்கிட்டு வர்றது இதனாலதான். ஸ்டூலைக் கவுத்து, நாலு காலோட அடியிலயும் வார்னிஷை ரெண்டு மூணு தடவை, உறிஞ்சுறது நிக்குற வரைக்கும் தடவுங்க. காஞ்சதும் ரப்பர் புஷ் மாட்டிடுங்க. டைல்ஸ் தரையில வழுக்கவும் செய்யாது.

பெயின்ட்டோ, பாலிஷோ தொட்டுப் பார்த்தா மறுநாளே காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளே இறுகிக் கெட்டியாக ஒரு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் மேலே பூந்தொட்டி வேண்டாம், ரீல்ஸ் வேணும்னா எடுத்துக்கோங்க.